எட்டுக் காலத்தில் எத்தனை செ.மீ.? தருமபுரி, கிருஷ்ணகிரி தேர்தல் செய்திகளின் சாய்வு

21.03.2024, காலை | பென்னாகரத்தான்
கட்சி டிவி பக்கமே போவதில்லை. பொதுவான பேப்பர் ரெண்டு வாங்கி, மாவட்டப் பக்கத்தை மட்டும் படித்தால் மக்களவை ஓட்டு நாளான ஏப்ரல் 19 வரை சாய்வில்லாத செய்தி கிடைத்துவிடும் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

21.03.2024, இரவு | அடிக்கோல்
உண்டு. கலைஞர் டிவி யாருடையது, நியூஸ் ஜெ யார் பக்கம், மக்கள் டிவி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவருக்கும் தெரியும். தெரிந்த சாய்வை அவரே கழித்துக்கொள்வார்.

நீங்கள் நம்புகிற அந்த மாவட்டப் பக்கத்தில்தான் வில்லங்கம். அதை எழுதுகிற தாலுகா நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்குச் சின்னத் தொகை, பிடித்துக் கொடுக்கிற விளம்பரத்துக்குக் கமிஷன், அவ்வளவுதான். தலைவர் பிறந்தநாளுக்கு வாழ்த்து விளம்பரம் கொடுக்கிற ஒன்றியச் செயலாளர்தான் தேர்தலில் வேட்பாளர் ஜீப்பில் பக்கத்தில் நிற்பவர். அவர் கூட்டத்துக்கு வந்த ஆள் குறைச்சல் என்று அந்த நிருபர் எப்படி எழுதுவார்? சென்னையில் இருப்பது கொள்கைச் சாய்வு, இங்கே இருப்பது பில் புத்தகச் சாய்வு.

22.03.2024 | பென்னாகரத்தான்
அப்ப எதைத்தான் படிக்கிறது, அண்ணா?

23.03.2024 | அடிக்கோல்
படிப்பது இருக்கட்டும், அளந்து பாருங்க தம்பி. பள்ளிக்கூட அடிக்கோலும் ஒரு நோட்டும் போதும்.

பெரிய அளவுத் தினசரியில் அச்சுப் பரப்பு ஏறத்தாழ 33 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். எட்டுக் காலம், அதாவது மேலிருந்து கீழே ஓடுகிற எட்டு 'காலம்' (column) என்று வைத்தால் ஒரு காலம் 4 செ.மீ. சொச்சம். நாலு காலத்தில் 12 செ.மீ. இறங்கிய செய்தி 16 × 12 = 192 சதுர செ.மீ. தலைப்பையும் சேர்த்து அளக்கணும். படத்தைத் தனியாக எழுதணும், சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒரே ஒரு ஆரத்திப் படம் மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடும்.

நோட்டில் தேதி, பக்கம், யாரைப் பற்றிய செய்தி, எழுத்துப் பரப்பு, படப் பரப்பு, யார் வாயால் சொல்லப்படுகிறது, எதிர்த்தரப்பின் பதில் இருக்கிறதா இல்லையா என்று ஏழு கட்டம். குறைந்தது 14 நாள். ஒரு வாரம் போதாது, அந்த வாரத்தில் ஒரு கட்சித் தலைவர் வந்துபோயிருந்தால் அவர் வேட்பாளருக்குப் பரப்பு குவிந்திருக்கும். தலைவர் வந்த நாளைத் தனி நிறத்தில் குறித்துவைத்து, அதைச் சேர்த்து ஒரு கூட்டல், விட்டு ஒரு கூட்டல் போடுங்க. இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் சாய்வு.

விளம்பரத்தை அளக்காதீங்க. ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரச் செய்தி' என்று போட்டிருப்பதைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்க. பின்னால் உதவும்.

24.03.2024 | பழைய டெஸ்க்
அடிக்கோல் சார் ஒன்றை விட்டுவிட்டார். எந்தப் பதிப்பு என்று எழுதாமல் அளந்தால் எல்லாம் வீண். தூரத்து ஊருக்குப் போகிற 'டாக்' பதிப்பு முதலில் அச்சுக்குப் போய்விடும். அரூருக்கு அப்பால், தளிக்கு மேலே, ஒகேனக்கல் பக்கமெல்லாம் பெரும்பாலும் அதுதான் வரும். ராத்திரி எட்டரைக்குப் பேசின வேட்பாளர் டவுன் பதிப்பில் இருப்பார், டாக்கில் இருக்க மாட்டார். மறுநாள் பழசு என்று தள்ளிவிடுவார்கள். பகலில் பேசுகிறவருக்கு எல்லாப் பதிப்பிலும் இடம். அது வஞ்சகம் இல்லை, வண்டி நேரம்.

பா.ம.க. பட்டியலில் தருமபுரிக்கு முதலில் ஒரு பெயர், பிறகு சௌமியா அன்புமணி என்று மாறியதே, அந்த மாதிரி நாளில் முன்பதிப்பும் பின்பதிப்பும் இரண்டு வேட்பாளரைச் சொல்லும். இரண்டிலும் உள்நோக்கம் தேடினால் கிடைக்கத்தான் செய்யும்!

24.03.2024 | அடிக்கோல்
ஒத்துக்கொள்கிறேன். எட்டாவது கட்டம்: பதிப்பு.

26.03.2024 | அடிக்கோல்
யோசித்துப் பார்த்ததில் இன்னொரு ஓட்டை. அளந்தாச்சு, சரி. எவ்வளவு இருந்தால் நியாயம்? வேட்புமனு போட்ட அத்தனை பேருக்கும் சமமாகப் பிரித்தால் அது செய்தித்தாளாக இருக்காது, வாக்குச்சீட்டு மாதிரியாகிவிடும். போன தேர்தல் ஓட்டு விகிதப்படி என்றால்? தருமபுரியில் அது உதவாது. 2019-ல் தி.மு.க.வின் செந்தில்குமார் 5.74 லட்சம், அன்புமணி 5.04 லட்சம். அந்த ஐந்து லட்சத்துக்குள் அ.தி.மு.க. ஓட்டும் இருந்தது. இப்போது இரண்டு கட்சியும் தனித்தனி. 2021 சட்டமன்றத்தை எடுத்தால் மாநிலமே ஒரு பக்கம் போனபோது தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதியும் அ.தி.மு.க. அணிக்குப் போயின, அதுவும் அதே பழைய கூட்டணி. கூட்டணி மாறும்போது எந்தப் பழைய எண்ணும் தராசாகாது.

ஆகவே நான் பரிந்துரைப்பது பேப்பருக்கும் பேப்பருக்கும் ஒப்பீடு. ஒரே நாள், ஒரே கூட்டம், மூன்று பேப்பர். மூன்றில் இரண்டு ஒரு செய்தியை முப்பது சதுர செ.மீ.யிலும் மூன்றாவது இருநூறிலும் போட்டால், கேள்வி அந்த மூன்றாவதுக்கு.

டிவிக்கும் இப்படி அளந்திருக்கிறார்கள். 2014 மார்ச், ஏப்ரலில் டில்லி ஆய்வு அமைப்பான சி.எம்.எஸ். மீடியா லேப் ஐந்து தேசிய சேனல்களின் பிரைம் டைமைக் கணக்கெடுத்தது. தலைவர்களில் மோடிக்கு 33 சதவீதம், கேஜ்ரிவாலுக்கு 10, ராகுலுக்கு 4. நேரம்தான் இது, திட்டினார்களா புகழ்ந்தார்களா என்பது இந்த எண்ணில் வராது.

28.03.2024 | பழைய டெஸ்க்
செ.மீ.யோடு நின்றால் பாதிதான் பிடிபடும். மீதி வினைச்சொல்லில் இருக்கிறது. ஒருவர் 'வலியுறுத்தினார்', இன்னொருவர் 'புலம்பினார்'. ஒருவர் 'கேள்விக்கணை தொடுத்தார்', இன்னொருவர் 'ஆவேசப்பட்டார்'. சொன்னது ரெண்டு பேரும் ஒன்றையேதான். செய்தியைத் திருத்துகிற டெஸ்க்கில் பாதுகாப்பான சொல் 'கூறினார்', 'தெரிவித்தார்'. அதைத் தாண்டிய ஒவ்வொரு வினைச்சொல்லையும் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள்.

அடுத்து, 'கூறப்படுகிறது'. யார் கூறினார்? 'பணப்பட்டுவாடா நடந்ததாகக் கூறப்படுகிறது', 'அதிருப்தி நிலவுவதாகக் கூறப்படுகிறது'. சொன்னவர் இல்லாத வாக்கியம் நிருபரின் ஊகமாக இருக்கலாம், எதிர்முகாம் எடுத்துக்கொடுத்ததாகவும் இருக்கலாம். எந்த வேட்பாளரைப் பற்றிய செய்தியில் அது அதிகம் வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

மூன்றாவது நம் மொழிக்கே உரிய நுணுக்கம். ஒரே பக்கத்தில் ஒரு தலைவர் இயற்பெயரில், இன்னொருவர் பட்டப்பெயரில். 'தளபதி', 'எடப்பாடியார்', 'அய்யா' எல்லாம் மேற்கோளுக்குள் தொண்டர் வாயில் வந்தால் சரி. செய்தியாளரின் சொந்த வாக்கியத்தில் வந்தால் அது கட்சி நோட்டீஸ்.

31.03.2024 | தளி மலை
ஆரத்தித் தட்டையும் எண்ணச் சொல்லுங்க சார். எங்க பக்கம் ஒரே தட்டு மூணு கட்சிக்கும் சுத்துது. படத்தில் தட்டை வைத்துக் கட்சி கண்டுபிடிக்க முடியாது, தட்டில் விழுந்த நோட்டை வைத்து வேண்டுமானால்.

02.04.2024 | அடிக்கோல்
காசுக்குச் செய்தி. இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, இந்த மாவட்டங்களில் பயன்படுத்துகிறவர்தான் குறைவு.

அடையாளம்: ஒரே செய்தி, ஒரே வாக்கியம், இரண்டு வேறு பேப்பரில் இரண்டு வேறு நிருபர் பெயரில். நிருபர் பெயரே இல்லாத 'வெற்றி உறுதி' வகை. ஒரே பக்கத்தில் இரண்டு வேட்பாளரும் அமோக வெற்றி பெறுவார்கள் என்று அருகருகே இரண்டு செய்தி. இந்தக் கடைசி ரகத்தைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், இருவரும் பேக்கேஜ் கட்டியிருக்கிறார்கள்.

புகார் போகவேண்டிய இடம் மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு. கலெக்டர் அலுவலகத்தில்தான் இருக்கும். முழுப் பக்கத்தையும் கொடுங்கள், கத்தரித்த துண்டைக் கொடுக்காதீர்கள். தேதி, பதிப்பு, பக்க எண் தெரியணும். ஒரே வாக்கியம் வந்த மற்றப் பேப்பரையும் சேர்த்து, ஒத்த வரிகளைக் கோடிட்டுக் கொடுத்தால் குழுவுக்கு வேலை மிச்சம். குழு காசுச் செய்தி என்று கருதினால், தேர்தல் அலுவலர் 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்பணும். வேட்பாளர் 48 மணி நேரத்தில் பதில் சொல்லணும். சொல்லாவிட்டால் குழு முடிவே இறுதி. அப்பீல் மாநிலக் குழுவுக்கு, அதற்கும் மேலே தேர்தல் ஆணையத்துக்கு.

முடிவில் கிடைப்பது என்ன? அந்தப் பரப்புக்கான விளம்பரக் கட்டணம், அரசு விகிதப்படி, வேட்பாளர் செலவில் ஏறும். மக்களவைக்கு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். பேப்பருக்கு அபராதம் கிடையாது. பத்திரிகை கவுன்சிலுக்குப் போகும், அது கண்டிக்கும், அத்தோடு சரி.

பல்லே இல்லாத சட்டம் என்றும் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் காசுச் செய்திச் செலவை மறைத்ததற்காக 2011 அக்டோபரில் மூன்று வருடம் தகுதியிழந்தார். ஆனால் மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான், மத்தியப் பிரதேச அமைச்சராக இருந்த நரோத்தம் மிஸ்ரா இருவர் மீதான ஆணைய உத்தரவும் டில்லி உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. காசு கைமாறியதற்குச் சீட்டு யாரும் எழுதிக் கொடுப்பதில்லையே. பத்திரிகை கவுன்சிலே 2010-ல் காசுச் செய்தி பற்றித் தன் துணைக்குழு தயாரித்த 71 பக்க அறிக்கையைச் சுருக்கித்தான் வெளியிட்டது. முழுசும் வெளியே வர அடுத்த வருடம் ஆயிற்று.

05.04.2024 | தளி மலை
கிருஷ்ணகிரியை யாருமே பேசவில்லையே. காங்கிரசில் கோபிநாத், அ.தி.மு.க.வில் ஜெயப்பிரகாஷ், பா.ஜ.க.வில் நரசிம்மன். வெளியூர்ப் பத்திரிகைக்குத் தெரிந்தது நான்காவது பெயர் மட்டும்: வித்யாராணி, நாம் தமிழர். அதிலும் அவர் பெயர் தலைப்பில் இல்லை, 'வீரப்பன் மகள்' என்றுதான் இருக்கிறது. படித்துப் பார்த்தால் ஆறில் ஐந்து பத்தி அப்பாவைப் பற்றி. தளியில் யானை ராகியை மேய்ந்துவிட்டுப் போவது, கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் இல்லாதது, மாங்கூழ் ஆலைக்காரர் விலை வைக்கிற விதம், இது எதுவும் அந்த அம்மாவிடமும் கேட்கப்படவில்லை, மற்ற மூவரிடமும் கேட்கப்படவில்லை.

06.04.2024 | அடிக்கோல்
சரியான இடம். இது செ.மீ. கணக்கில் தலைகீழாகத் தெரியும்: பரப்பு அதிகம், பயன் குறைவு. அதனால் ஒன்பதாவது கட்டம் ஒன்று வேண்டும்: செய்தியில் தொகுதிப் பிரச்சினை ஒன்றாவது பெயர் சொல்லி வருகிறதா? தருமபுரிக்கு என்றால் காவிரி உபரிநீர், மொரப்பூர் ரயில் பாதை, ஃபுளோரைடு தண்ணீர். மற்றபடி 'இந்தச் சமூகம் இத்தனை சதவீதம்' என்ற வரி மட்டும் இருந்தால் வெறும் கோடு போடுங்க. சென்னை ஸ்டுடியோவுக்குத் தருமபுரி என்றால் சாதிக் கணக்கு, கிருஷ்ணகிரி என்றால் காட்டுக்கதை.

09.04.2024 | பென்னாகரத்தான்
பறக்கும் படை பணம் பிடிக்கிற செய்தி தினமும் வருகிறது. அதில் என்ன சாய்வு?

09.04.2024 | அடிக்கோல்
பிடித்தது வரும், திருப்பிக் கொடுத்தது வராது. அதுதான். ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் நிறுத்துவார்கள். ஜூஜூவாடி சோதனைச்சாவடியும் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையும் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாட்டு வியாபாரியும் தக்காளி வியாபாரியும்தான் மாட்டுவார்கள். வங்கிச் சீட்டு, மண்டிப் பில் காட்டினால் மாவட்டக் குறைதீர் குழு விடுவிக்கணும். வழக்கு இல்லாவிட்டால் ஓட்டு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் 'கட்டுக்கட்டாய்ப் பணம் சிக்கியது' என்ற மூன்று காலத் தலைப்புக்கு எதிரே 'வியாபாரியிடம் ஒப்படைப்பு' என்ற ஒரு காலம்கூட வராது. அதே சமயம் கட்சிக்காரரே மாட்டினால் 'பிரபல கட்சிப் பிரமுகர்'. பெயர் தெரியாத பிரபலம்!

13.04.2024 | தளி மலை
கூட்டப் படம் பற்றி ஒரு வார்த்தை. நீள லென்ஸ் போட்டு மேடையிலிருந்து எடுத்தால் நடுவில் உள்ள வெற்றிடம் சுருங்கி, தலைக்கு மேல் தலை இருக்கும். கீழே நின்று எடுத்தாலும் அப்படித்தான். மைதானத்தின் ஓரம் ஒன்றாவது படத்தில் தெரிகிறதா என்று பாருங்க. தெரியாவிட்டால் அந்தப் படத்தை வைத்து எண்ணிக்கை பேசாதீங்க. கணக்கு வேண்டுமானால் மைதானத்தை அளங்க. 100 மீட்டருக்கு 50 மீட்டர் என்றால் 5,000 சதுர மீட்டர். தாராளமாக நிற்கிற கூட்டம் சதுர மீட்டருக்கு இரண்டு பேர், பத்தாயிரம். இடித்துப் பிடித்து நின்றால் நாலு பேர், இருபதாயிரம். பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் இரண்டைத் தாண்டாது. அந்த இடத்தில் 'லட்சம் பேர் திரண்டனர்' என்றால் ஒருவர் மடியில் ஒன்பது பேர்.

16.04.2024 | பென்னாகரத்தான்
நாளை மாலை ஆறு மணியோடு பிரசாரம் முடிகிறது. அதன்பிறகு பேப்பரிலும் டிவியிலும் தேர்தல் விஷயமே வரக் கூடாதுதானே?

16.04.2024 | பழைய டெஸ்க்
டிவிக்கு மட்டும் தம்பி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-வது பிரிவு டிவியையும் திரைப்படத்தையும் அது போன்ற கருவிகளையும்தான் சொல்கிறது, அச்சுப் பேப்பர் அதில் இல்லை. பேப்பருக்கு இருப்பது ஆணைய உத்தரவு: ஓட்டு நாளிலும் முந்தின நாளிலும் வருகிற அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே குழுவின் சான்று வேண்டும். செய்திக்கு அது கிடையாது. அதனால்தான் கடைசி இரண்டு நாள் விளம்பரம் செய்தி வேஷம் போடும். வீட்டு வாசலில் போடுகிற பிட் நோட்டீசில் அச்சகப் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்றும் பாருங்கள், 127ஏ பிரிவு. இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

17.04.2024 | தளி மலை
ஓசூரில் இந்த மௌனம் பாதிதான். பெங்களூருக்கு ஓட்டு 26-ம் தேதி. இங்கே கன்னட சேனலில் பிரசாரம் ஜோராக ஓடும், அதே பிரதமர், அதே ராகுல். இந்தத் தொகுதிக்கு ஓட்டுக் கேட்காதவரை அதில் தப்பில்லை. வேப்பனஹள்ளிப் பக்கம் ஆந்திரா மே 11 வரை தெலுங்கில் பேசும். மூன்று மொழி வாக்காளரின் வீட்டு டிவியைத் தமிழ் சேனல் மட்டும் வைத்து அளந்தால் கணக்குத் தப்பும்.

25.04.2024 | அடிக்கோல்
ஓட்டுப்பதிவு சதவீதக் கூத்தைப் பார்த்தீர்களா? 19-ம் தேதி இரவு மாநிலம் 72.09 என்றார்கள். நள்ளிரவு தாண்டி 69.46. பிறகு 69.72. 72.09-க்கும் 69.72-க்கும் உள்ள வித்தியாசம் 6.23 கோடி வாக்காளரில் கிட்டத்தட்டப் பதினைந்து லட்சம் ஓட்டு. உடனே 'காணாமல் போன ஓட்டு' என்று ஒரு பக்கம் வீடியோ.

இரண்டு மணி நேரத்துக்கொரு முறை வந்தது மண்டல அலுவலர்கள் சொன்னதைக் கூட்டிய மதிப்பீடு. எண்ணி முடித்தது படிவம் 17சி, சாவடியில் பதிவான ஓட்டின் கணக்கு. அதன் நகல் அன்றே ஒவ்வொரு சாவடியிலும் முகவர் கைக்குப் போய்விடும். முதல் எண்ணை மதிப்பீடு என்று போடாமல் முடிவு மாதிரி எட்டுக் காலம் போட்டதுதான் ஊடகக் குற்றம். திருத்தம் வந்தபோது உள்பக்கம், ஒரு காலம். இரண்டையும் நான் சொன்ன நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க.

தருமபுரி 81 சதவீதத்தைத் தாண்டி மாநிலத்தில் முதலிடம், மத்திய சென்னை 54-ஐ ஒட்டி. விவாதமெல்லாம் சென்னைக்காரர் ஏன் வரவில்லை என்பதைப் பற்றி. வந்தவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

02.06.2024 | பென்னாகரத்தான்
எக்ஸிட் போல் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பா.ஜ.க. அணிக்குச் சில இடம் என்கிறார்கள். தருமபுரியும் அதில் ஒன்றாம்.

02.06.2024 | அடிக்கோல்
மூன்று முனைப் போட்டியில் ஓட்டு விகிதத்தை இடமாக மாற்றுகிற படியில்தான் கவிழும். இரண்டு சதவீதம் பிசகினால் தொகுதியே மாறும். மாநிலத்துக்கு எடுத்த மாதிரியை வைத்து ஒரு தொகுதியைச் சொல்கிறவரிடம், அந்தத் தொகுதியில் எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்று மட்டும் கேளுங்க.

05.06.2024 | அடிக்கோல்
நேற்றுக் காலை தருமபுரியில் பா.ம.க. முன்னிலை என்று டிவியின் அடியில் ஓடிய டிக்கரை நம்பிப் பட்டாசு வாங்கியவர்களுக்கு இந்தக் குறிப்பு.

ஓட்டு எண்ண ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பொதுவாக 14 மேசை. ஆறு தொகுதி, ஒரு சுற்றுக்கு 84 சாவடி. 300 சாவடி உள்ள தொகுதி முடிய 22 சுற்று. சாவடி எண் ஊர் வரிசையில் போவதால் முதல் சுற்றுகள் தொகுதியின் ஒரு மூலையைத்தான் காட்டும். தருமபுரி மக்களவையில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், சேலம் மாவட்டத்து மேட்டூர் எல்லாம் உண்டு, ஆறும் ஆறு குணம். முடிவில் தி.மு.க.வின் ஆ.மணி 21,300 வித்தியாசத்தில். பதிவான ஓட்டில் இரண்டு சதவீதம்கூட இல்லை. 'முன்னிலை' என்று போடும்போது எத்தனை சுற்றில் எத்தனையாவது என்று போடாத சேனலை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

கிருஷ்ணகிரியில் காங்கிரஸ் 1,92,486 வித்தியாசம். பரபரப்பு இல்லை, அதனால் டிவியில் அரை நிமிடம்கூடத் தேறவில்லை. வித்யாராணி ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார். இன்றைக்கும் தலைப்பில் அப்பா பெயர்தான்.

எக்ஸிட் போல் என்ன ஆயிற்று? தமிழ்நாட்டில் 39-ம் தி.மு.க. அணிக்கு.

09.06.2024 | பென்னாகரத்தான்
14 நாள் நோட்டு முடிந்தது அண்ணா. மாவட்டப் பக்கத்தில் சாய்வில்லை என்ற என் கட்சி தோற்றது, ஒத்துக்கொள்கிறேன். 'விளம்பரச் செய்தி' தனிப் பக்கம் பின்னால் உதவும் என்றீர்களே, எதற்கு?

09.06.2024 | அடிக்கோல்
முடிவு வந்து 30 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கு கொடுக்கணும், அதாவது ஜூலை 4. கணக்கு வந்ததும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அறிவிப்பு ஒட்டுவார். தேர்தல் நடத்தை விதி 88-ன்படி யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டி அதைப் பார்க்கலாம், அதற்குமேல் கட்டணம் கட்டினால் நகலும் கிடைக்கும். உங்கள் தனிப் பக்கத்தில் உள்ள தேதியும் பேப்பரும் அந்தக் கணக்கில் பத்திரிகை விளம்பரம் என்ற தலைப்பில் இருக்கிறதா என்று வரி வரியாக ஒத்துப் பாருங்க. சில்லறையாக ஒரு ரூபாய் எடுத்துப்போங்க, அங்கே பாக்கி இருக்காது.

10.06.2024 | தளி மலை
கிருஷ்ணகிரிக்கு நான் போகிறேன். நோட்டின் நகல் வேண்டும். டவுன் பதிப்பா, டாக்கா?

10.06.2024 | பென்னாகரத்தான்
டாக்.